கை நடுங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

நான் யாங்கோனில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுதுபார்ப்பவன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "பேட்டரி நிற்கவில்லை, தம்பி." பாதிப் பேருக்குப் பேட்டரியில் ஒரு கோளாறும் இருக்காது. முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது வீட்டில் யாராவது சோற்றுப் பானையையும் அதிலேயே சொருகியிருப்பார்கள். அதனால் மீட்டரை வைத்துப் பார்க்காமல் நான் எதையும் கழற்றுவதில்லை. என் உடம்பு விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி வர ஒன்றரை வருடம் பிடித்தது.

அப்போது எனக்கு 23 வயது. காலை பத்தரை, பதினொன்று ஆனால் விரல் நடுங்கும். பின்கழுத்தில் வியர்வை. திருப்புளி நுனி திருகாணியின் பள்ளத்தில் உட்காராது. அம்மா "இரத்தம் குறைவு" என்றார். அப்பத்தா மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டார். ஒரு சிறிய கிளினிக்கில், ஒரு சொட்டு இரத்தம்கூட எடுத்துப் பார்க்காமல் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஏற்றியதும் உடம்பு தெளிந்தது, தெளியாமல் என்ன செய்யும்? நடுக்கம் நின்றது, காரணம் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே பதினொரு மணிக்கு மறுபடியும் அதே நடுக்கம்.

கீழே எழுதியிருப்பது என்னைப் போல, நீரிழிவு இல்லாமல், இருபதுகளில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும் இந்தத் தொல்லையில் மாட்டியவர்களுக்கு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அடுத்து வரும் பகுதி அப்படியே பொருந்தும். ஆனால் மருந்தின் அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

இந்த நிமிடமே நடுங்குகிறது

உட்காருங்கள். ஏணியில் நின்றால் இறங்குங்கள், வண்டி ஓட்டினால் ஓரம் கட்டுங்கள். இரத்தச் சர்க்கரை அளக்கும் மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அளந்துகொள்ளலாம். இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேண்டியது சட்டென்று கரையும் சர்க்கரை, 15 கிராம். தட்டையாக அள்ளிய 4 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும். தெருவில் இருந்தால் கரும்புச் சாறு அரை கிளாஸ். நம் ஊரில் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு மருந்து இருக்கிறது: தன்யெ. சாப்பிட்டு முடித்ததும் வாயில் போட்டுக்கொள்ளத் தட்டில் வைப்பார்களே, அந்தப் பனைவெல்லக் கட்டிதான். சிறு நெல்லிக்காய் அளவில் இரண்டு கட்டியை மென்று விழுங்குங்கள். கடைவாயில் ஒதுக்கி வைத்து மெதுவாகச் சப்ப இது நேரமல்ல. நான் கால் வீசை வாங்கி, ஒரு பங்கைக் கருவிப் பையில் மூடி இறுக்கிய டப்பாவில் வைத்திருக்கிறேன். மூடி இறுகவில்லையென்றால் எறும்புகளுக்குத்தான் சர்க்கரை ஏறும்.

பிறகு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். இதுதான் மிகக் கடினம். உடம்பு "இன்னும், இன்னும்" என்று கத்தும். அந்தக் கால் மணி நேரத்தில் நான் ஒரு முறை ஐந்து சமோசாவும் ஒரு புட்டி சோடாவும் உள்ளே தள்ளியிருக்கிறேன். அதன் பலனை அன்று பிற்பகலில் அனுபவித்தேன். 15 நிமிடத்துக்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் இன்னொரு 15 கிராம். தெளிந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், நின்று எரியக்கூடிய ஏதாவது சாப்பிடுங்கள்: ஒரு முட்டை, ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் அவித்த பட்டாணி.

இந்த நேரத்தில் உதவாதவை சில. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இளநீரில் சர்க்கரை குறைவு, ஒரு கிளாஸ் குடித்தாலும் 15 கிராம் தேறாது. சீனி இல்லாத சோடாவைச் சொல்லவே வேண்டாம். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனியும் வெல்லமும் நேரத்துக்கு வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பொடிதான் வைத்திருக்க வேண்டும்.

நடுக்கம் வருகிறது, ஆனால் இதுவரை அளந்து பார்த்ததில்லை

அப்படியானால் உங்களுக்குச் சர்க்கரை இறங்குகிறது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1938-இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். இன்றும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்: அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்த அளவு தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரையை ஏற்றியதும் அறிகுறி விலக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. எனக்குக் குளுக்கோஸ் ஏற்றிய கிளினிக்கில் முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்தார்கள், நடுவில் உள்ளதை விட்டுவிட்டார்கள்.

எது தாழ்வு? நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு 100 மி.லி. இரத்தத்தில் 70 மி.கி.க்குக் கீழே போனாலே எச்சரிக்கை. மருந்து எதுவும் எடுக்காத இளவயதினருக்கு வெறும் வயிற்றில் 65, 70 என்று காட்டுவது பல நேரம் இயல்புதான். அறிகுறியோடு சேர்ந்து 55-க்குக் கீழே இறங்கினால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். உங்கள் மீட்டர் 3.9, 3.0 என்று புள்ளி வைத்துக் காட்டினால் அது வேறு அலகு. 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மீட்டரையும் கண்மூடி நம்ப வேண்டாம். நல்ல வீட்டு மீட்டரே 15 சதவீதம் அங்கே இங்கே காட்டலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. அதனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பதறாதீர்கள். வெல்லம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். மீட்டரில் சொருகும் சோதனைப் பட்டைகளுக்கு ஈரம் ஆகாது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நம் ஊர்க் காற்றே ஈரத் துணிதான். பட்டைக் குப்பியின் மூடியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், அடுத்த வாரம் அது காட்டுவது மழையின் அளவாகத்தான் இருக்கும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நேரம், எண், அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது. என் குறிப்பேட்டில் முதல் மூன்று வாரத்தில் 11 நடுக்கங்கள் பதிவாயின. எண் 60-க்குக் கீழே இருந்தது நான்கே தடவை, அவற்றில் இரண்டு 55-க்கும் கீழே. அந்த நான்கு நாளும் காலையில் உள்ளே போனது ஒன்றேதான்.

சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் நடுங்குகிறது

இளவயதினர் பலரும் வந்து நிற்கிற இடம் இது. அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்டது இதுதான்: அனௌரதா சாலைப் பக்கம் டீக்கடையில் ஒரு சோ செய்ன், அதில் தோய்த்துத் தின்ன ஒரு ஈச்சாகோய். பர்மாவில் டீ கேட்பதே ஒரு தனிப் பாஷை. 'சோ' என்றால் இனிப்பு, 'சா' என்றால் கடுப்பு, 'செய்ன்' என்றால் பால் திக்காக. சோ செய்ன் கேட்டால் கட்டிப்பால் தாராளமாக விழும். ஒரு மேசைக்கரண்டிக் கட்டிப்பாலில் ஏறக்குறைய 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. இரண்டு கரண்டி விழுந்தால் ஐந்து தேக்கரண்டிச் சீனிக்கு மேல். ஈச்சாகோய் எண்ணெயில் பொரித்த மைதா, உள்ளே பாதி காற்று. காலியான வயிற்றில் இந்த இரண்டும்.

உள்ளே நடப்பது இது. சர்க்கரை வேகமாக ஏறுகிறது. அதைப் பார்த்து இன்சுலின் பெரிய அளவில் கிளம்பி வருகிறது. அது வந்து சேர்ந்து முழு வேகத்தில் வேலை செய்யும்போது வயிற்றில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. அளவு தேவைக்கும் கீழே இறங்குகிறது. உடம்பு அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, வெறிப்பசி எல்லாம் அட்ரினலின் எழுப்பும் கூச்சல். அளவு இன்னும் இறங்கி மூளைக்கே சர்க்கரை போதாமல் போனால்தான் பார்வை மங்குவதும், பேச்சு குழறுவதும், கூட்டிய தொகையையே மறுபடி மறுபடி கூட்டுவதும்.

நான் செய்த பெரிய தவறு இதற்கு அடுத்ததுதான். பதினொரு மணிக்கு நடுங்கியதும் இன்னொரு சோ செய்ன் குடித்தேன். பத்து நிமிடத்தில் சொர்க்கம். ஒன்றரை மணிக்கு மறுபடியும் நடுக்கம். என்னைத் தூக்கிவிட்டதும் தள்ளிவிட்டதும் ஒரே கிளாஸ்தான். அது புரியும்வரை நான் நாளுக்கு நான்கு கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சர்க்கரை போதவில்லை என்ற நினைப்பில்.

டீயை விட வேண்டியதில்லை. டீக்கடையை விடச் சொன்னால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்? வரிசையை மாற்றினால் போதும். முதலில் பே ப்யோ, அதாவது முளைகட்டி அவித்த பட்டாணி. விடியற்காலையில் தலையில் தட்டோடு தெருவில் கூவி விற்கிறார்களே, அதேதான். டீக்கடையில் அதை எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து, தந்தூர் அடுப்பில் சுட்ட நன்பியாவோடு தருவார்கள். பட்டாணியின் நாரும் புரதமும் மாவுச்சத்து உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கின்றன. பட்டாணி கூடுதலாக, ரொட்டி பாதி. கூடவே ஒரு அவித்த முட்டை. எல்லாம் முடிந்த பிறகு டீ, அதுவும் இனிப்பைக் குறைத்துச் சா செய்ன். பணியாளரை உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பிக் கூப்பிடுவது இங்கே வழக்கம். முதல் வாரம் நான் அப்படிக் கூப்பிட்டுச் 'சா' என்று சொல்லும்போதெல்லாம், அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பழக்கத்தில் சோ செய்னையே கொண்டுவந்து வைத்தான். திருப்பி அனுப்பக் கொஞ்சம் முகம் இறுக வேண்டியிருந்தது.

மொஹிங்கா சாப்பிடலாமா என்று என் தம்பி கேட்டான். சாப்பிடலாம். குழம்பில் மீனும் கடலைமாவும் இருக்கின்றன. இடியாப்பம் போன்ற அரிசிச் சேமியா மலையாகக் குவிவதுதான் சிக்கல். சேமியாவைக் குறைக்கச் சொல்லி முட்டையைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இட்லி என்றால் சாம்பாரில் பருப்பு தெரிய வேண்டும், வெறும் சீனி தொட்டு நான்கு இட்லி வேண்டாம். பழைய சோறுதான் சர்க்கரையைக் காக்கும் என்பது அப்பத்தாவின் கட்சி. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. ஆனால் அது சிறு பகுதிதான். தயிரும் ஒரு பிடி மொச்சையும் சேர்ந்தால் நானும் அவர் கட்சி.

எனக்குப் பத்து நாளில் பதினொரு மணி நடுக்கம் நின்றது. உங்களுக்கு ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டும் எண் இறங்கினால் மருத்துவரிடம் குறிப்பேட்டோடு போங்கள். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்களே, அது நீரிழிவைக் கண்டுபிடிக்கும் சோதனை. அதில் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கும் சிலருக்கு எண் தாழ்ந்து காட்டும், அதனால் நம் கேள்விக்கு அது பதில் சொல்லாது. கலப்பு உணவு கொடுத்து ஐந்து மணி நேரம் வரை பார்ப்பதுதான் பொருத்தம். கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையையும் கேளுங்கள். சாப்பிட்ட பின் இறங்குவது சிலருக்கு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் நீரிழிவை நோக்கிப் போவதன் ஆரம்ப அடையாளமாக இருக்கிறது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொருகுகிறது

இது பெரும்பாலும் சர்க்கரை இறக்கமே அல்ல. எனக்கு அந்த நேரத்தில் எண் 130 காட்டியது. சோற்றைக் குறைத்து, கீரையையும் மீனையும் முதலில் சாப்பிட்டால் தூக்கமும் குறையும்.

விரத நாளில் தலை சுற்றுகிறது

கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கிறது. மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குச் செலவழிக்கிறது. கையிருப்பு கரையக் கரையக் கல்லீரல் புதிதாகத் தயாரித்துக்கொள்ளும். ஆகவே ஆரோக்கியமான ஒருவர் ஒரு வேளை தவறினால் விழுந்துவிட மாட்டார். தீமிதிக்குக் காப்புக் கட்டிய நாட்களில் எனக்குச் சுற்றியபோது அளந்தேன்: 74. தண்ணீரும் உப்பும் குறைந்ததுதான் காரணம். மோர் குடித்ததும் சரியானது. ஒரு வேளை உணவு என்று விரதம் இருப்பவர்கள் அந்த ஒரு வேளையைப் பாயசத்தில் தொடங்காமல் சுண்டலில் தொடங்கிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பின் இறங்குவது வேறு, சாப்பிடாமல் இருக்கும்போது 55-க்குக் கீழே இறங்குவது வேறு. இரண்டாவது, உணவை மாற்றிச் சரிசெய்கிற கோளாறு அல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி, அட்ரினல் சுரப்பியின் குறைபாடு, கல்லீரல் நோய் போன்ற அரிய காரணங்கள் அதன் பின்னால் இருக்கலாம். தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

சின்லோன் ஆடிய பிறகு கால் துவள்கிறது

பிரம்புப் பந்தை ஒரு மணி நேரம் தட்டினால் தசை சர்க்கரையை இழுக்கும். ஆட்டம் முடிந்து சில மணி நேரம் வரை அது தொடரும். ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு சிறு வாழைப்பழமும் ஒரு பிடி கடலையும் போதும். வெறும் வயிற்றில் போய்விட்டு வட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டால் மற்ற ஐந்து பேரும் சும்மா விடமாட்டார்கள்.

நடு இரவில் சட்டை நனைந்து விழிப்பு வருகிறது

முந்தைய மாலையில் குடித்தீர்களா? மது உடலில் எரியும் நேரத்தில் கல்லீரல் புதுச் சர்க்கரை தயாரிப்பது தடைபடுகிறது. சாப்பிடாமல் குடித்தால் கையிருப்பும் காலி, தயாரிப்பும் நின்றுபோகிறது. குழறலும் தள்ளாட்டமும் போதை மாதிரியே தெரிவதால் கூட இருப்பவர்கள் "தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. குடித்தவர் எழுப்பியும் எழவில்லையென்றால் அதைப் போதை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். குடிக்காதவருக்கு இப்படி வந்தால் விழித்ததும் அளந்து எழுதுங்கள். காய்ச்சலும் காசநோயும்கூட இரவில் வியர்க்க வைக்கும்.

நடுங்குகிறது, ஆனால் மீட்டர் 90 என்கிறது

என் 11 நடுக்கங்களில் ஏழு இந்த வகைதான். குற்றவாளியை இரண்டாவது வாரத்தில் பிடித்தேன்: கோன்யா. வெற்றிலையில் சுண்ணாம்பும் பாக்கும் மடித்து வாயில் போட்டால் உடம்பு சூடாகும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அதோடு கடுங்கடுப்பு டீயும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிய அதே வேடம்தான். கோன்யாவைக் கைவிட எனக்கு டீயை மாற்றியதைவிட மூன்று மடங்கு பாடுபட வேண்டியிருந்தது. சில வாடிக்கையாளர்கள் இன்றும் மடித்து நீட்டுகிறார்கள். நீங்கள் அதைத் தொடாதவர் என்றால் இரத்தச் சோகை, தைராய்டு, பதற்றம் ஆகிய மூன்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நடுக்கத்துக்குச் சீனி தின்றுகொண்டே இருப்பது தீர்வே அல்ல.

சர்க்கரை கொடுத்தும் மறுபடி மறுபடி இறங்குகிறது, அல்லது ஆள் மயங்கிவிட்டார்

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள். நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றுவது அங்கேதான் உண்மையில் தேவை.

விழித்திருந்தும் திரும்பத் திரும்ப இறங்குகிறதென்றால் வீட்டு மாத்திரைகளைத் தேடுங்கள். தாத்தா பாட்டியின் நீரிழிவு மாத்திரையைத் தலைவலி மாத்திரை என்று மாற்றி விழுங்குவது நடக்கிறது. கடையில் நாலைந்து மாத்திரைகளைப் பெயரில்லாமல் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவதை வாங்கிப் பழகிய வீடுகளில் இன்னும் எளிதாக நடக்கும். கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை ஒன்றே போதும், சர்க்கரையை ஒரு நாள் முழுக்க மறுபடி மறுபடி கீழே இழுக்கும். மலேரியாவுக்குத் தரும் குயினைனும் இன்சுலினைத் தூண்டக்கூடியது. இப்படியானால் ஒரு முறை தன்யெ கொடுத்து ஆள் எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இரவு முழுக்க யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு மருத்துவமனைதான் இடம். பெயர் எழுதாத அந்தப் பொட்டலத்தையும், மீந்த மாத்திரைகளோடு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.